பிள்ளைகளை வழியனுப்பும் வாரத்தில் நம்பிப் போகக்கூடிய ஓர் அரைக்கும் மில்

கிளிநொச்சியிலிருந்து பரந்தன் பக்கமாகப் போகையில், ஏ-9 வீதியிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஒரு கணவனும் மனைவியுமாக நடத்தும் சிறிய அரைக்கும் மில் ஒன்று இருக்கிறது. விளம்பரம் இல்லாத இடம். தெரிந்தவர் சொல்லித் தெரிந்தவர் போகும் இடம். விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் வெளிநாட்டுக்குத் திரும்பும் கடைசி வாரத்தில் ஒரு வீட்டுக்கு என்ன தேவை என்பதை இவர்கள் அளவுக்கு விளங்கி வேலை செய்யும் மில்லை நான் இந்தப் பக்கத்தில் காணவில்லை. என் மகள் ரொறன்ரோவிலும் மகன் மெல்பேர்ணிலும் இருக்கிறார்கள். ஓகஸ்ட் விடுமுறைக்கு இருவரும் வந்து திரும்பியபோது கொண்டுபோன தூள், மா அனைத்தும் இங்கேதான் அரைபட்டன.

சாமானைத் தராசில் வைக்கும்போதே அந்தப் பெண் கேட்கும் முதற்கேள்வி, "வீட்டுக்கோ, வெளிநாட்டுக்கோ ரீச்சர்?" என்பதுதான். பதிலைப் பொறுத்து வேலை மாறுகிறது. இரண்டு கிழமைக்குள் முடியும் தூளென்றால் வறுவல் சற்று இளம்பதமாக இருந்தாலும் பாதகமில்லை. மாதக்கணக்கில் இருக்கவேண்டிய தூளில் ஈரம் கொஞ்சம் நின்றாலும் அது கட்டிபட்டுப் பூஞ்சணம் பிடித்துவிடும். ஆகவே மல்லியைத் தனியாகவும், செத்தல் மிளகாயைத் தனியாகவும், மிளகையும் இரண்டு சீரகங்களையும் அதன் பிறகும் வறுக்கிறார்கள். வெந்தயம் கருகினால் முழுத்தூளும் கைத்துவிடும் என்பதால் அதைக் கடைசியில், இறக்கி வைத்த தாச்சியின் சூட்டிலேயே பிரட்டி எடுக்கிறார்கள். கறிவேப்பிலை கையில் நொறுங்கும்வரை காத்திருக்கிறார்கள். அரைத்த தூளை உடனே பையில் அடைக்காமல், அகன்ற தட்டுகளில் பரவி, மெல்லிய துணியால் மூடி, மறுநாட்காலை வரை ஆறவிடுகிறார்கள். சூட்டோடு அடைத்த தூள் பைக்குள் வியர்க்கும் என்பது நம் தாய்மாருக்குத் தெரிந்த விடயந்தான் என்றாலும், வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும்போது அதற்காக ஒரு முழு இரவை ஒதுக்கும் மில்கள் குறைவு.

எனக்கு அதைவிடவும் பெரிதாகப் பட்டது, ஒரு வீட்டாரின் சாமானை இன்னொரு வீட்டாருடையதோடு அவர்கள் கலப்பதேயில்லை என்பதுதான். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் உள்ள தமிழ்க் கடைகளில் யாழ்ப்பாணத்துக் கறித்தூள் பல பெயர்களில் கிடைக்கிறது. என் மகளும் இதைச் சொல்லி, சுமக்க ஏன் இவ்வளவு என்று என்னைத் தடுத்துப் பார்த்தாள். ஆனால் கடைத்தூளில் இருப்பது யாரோ ஒருவருடைய அளவு. என் மாமியார் மிளகாயும் மல்லியும் சம எடை எடுத்து, பெருஞ்சீரகத்தைக் குறைத்து, மிளகைக் கூட்டிப் போடுவார். எங்கள் வீட்டு மீன்குழம்பின் ருசி அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. இலங்கையில் விற்கும் செத்தலின் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து இறக்குமதியாவது. நான் அயலில் தோட்டம் செய்பவரிடம் வாங்கிய வன்னிச் செத்தலைக் கொடுத்தேன். எடை பார்த்து, பெயரெழுதி, அதே செத்தலைத்தான் அரைத்துத் தந்தார்கள். எங்களுக்கு முன் வந்தவரின் தூள் இயந்திரத்தில் மிஞ்சியிருக்கக்கூடாது என்று முதலில் ஒரு பிடி அரிசியை ஓடவிட்டு வெளியே கொட்டியதையும் கண்டேன். மாவுக்கு வேறு இயந்திரம் இருப்பதால், புட்டுக்கு அரைத்த சிவப்பரிசி மாவிலோ களிக்கு வறுத்த உழுத்தம்மாவிலோ காரம் ஏறவில்லை.

மகள் என்னோடு கூடவே வந்தாள். வீட்டில் இருந்திருந்தால் அவள் பெட்டியருகிலும் நான் குசினியிலுமாக, போகிற நாளைப் பற்றி ஒருவரோடொருவர் பேசாமலே அந்தப் பொழுதைக் கழித்திருப்போம். மில்லில் அப்படி ஒதுங்க முடியவில்லை. தாச்சிக்கு முன்னால் நின்று மல்லி எப்போது நிறம் மாறுகிறது என்று பார்த்தாள், மாமியாரின் அளவுகளைக் கேட்டுக் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள், பிறகு ஏதோ ஒரு கட்டத்தில், அங்கே தனக்கு வேலை கடினமாக இருக்கிறது என்று வந்த நாள்முதல் சொல்லாததைச் சொன்னாள். அந்தப் பெண் எங்கள் பக்கம் திரும்பாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பண்புக்கு நான் நன்றியுடையவளாக இருக்கிறேன். 2006 ஓகஸ்டில் போரினால் ஏ-9 வீதி மூடப்பட்ட பின்னர், வெளியே இருந்த பிள்ளைக்கு ஒரு சரை தூள்கூட அனுப்ப வழியில்லாமல் இருந்த பெற்றோரில் நாங்களும் அடக்கம். பிள்ளைகள் தாங்களாக வந்து, கேட்டதை வாங்கிக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் வான் வண்டியில் ஏறி, முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்துக் கச்சானும் வாங்கிக்கொண்டு கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகும் இந்தக் காலத்தை நான் சிறிதாக எண்ணுவதில்லை. போகும்போது அழுகை வரத்தான் செய்கிறது. ஆயினும் திரும்பி வருவார்கள் என்று தெரிந்து அழும் அழுகை வேறு.

பொதி செய்வதையும் குறைவில்லாமல் செய்கிறார்கள். தடித்த பையில் இட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, சூட்டில் ஒட்டி, அதன்மேல் இன்னொரு பை போடுகிறார்கள். கனடாவுக்குப் போகும் பல விமானங்களில் பெட்டி ஒன்றுக்கு 23 கிலோதான் எல்லை என்பதால், ஒவ்வொரு பையின் எடையையும் வெளியே எழுதித் தருவது வீட்டில் பெட்டி அடுக்கும்போது பெரிதும் உதவுகிறது. தூள் வகைகளைக் கைப்பைக்குள் வைக்காமல் சாமான் பெட்டிக்குள் வைக்கும்படியும் சொல்லி அனுப்புகிறார்கள்.

குறைகளும் உண்டு. விடுமுறை முடியும் வாரங்களில் கூட்டம் அளவுக்கு மீறுகிறது. பயணத்துக்கு முதல்நாள் போனால் ஆறவிட நேரமிருக்காது என்பதால், மூன்று நான்கு நாட்களுக்கு முன்பே சாமானைக் கொடுத்துவிடுவது நல்லது. மிளகாய் வறுக்கும் நெடி வெளியேறப் போதிய வழி இல்லை. இழுப்பு உள்ளவர்களும் சிறுபிள்ளைகளும் உள்ளே நிற்கக்கூடாது. முதியவர்கள் இருப்பதற்கு ஒரேயொரு வாங்குதான் இருக்கிறது, அதுவும் வெயிலில். மாரிகாலத்தில் வீட்டில் சாமானைக் காயவைக்க முடியாமற் போகும்போது, காயவைத்தும் தருவார்களா என்று கேட்டேன். இடம் போதாது என்றார்கள்.

நான் முக்கியமாகக் கேட்டுக்கொள்வது பைகளுக்கு ஒட்டும் சீட்டைப் பற்றியது. அவுஸ்திரேலியாவில் இறங்கும்போது உணவுப் பொருள் எதுவானாலும் பயணி அட்டையில் அறிவித்தாக வேண்டும். மறைத்தால் தண்டப்பணம் விழும். என் மகன் எல்லாவற்றையும் அறிவித்தான். ஆனால் பையில் தமிழில் "தூள், 2 கிலோ" என்று மட்டும் இருந்ததால் ஒவ்வொன்றையும் அதிகாரிக்கு வாயால் விளக்க வேண்டியிருந்தது. அரைத்த திகதியையும் சேர்ந்த பொருட்களின் பெயர்களையும் ஆங்கிலத்திலும் அச்சடித்து ஒட்டினால், அதற்கான செலவைத் தனியாகத் தர எவரும் பின்னிற்கமாட்டார்கள். இதை நேரிலும் சொல்லியிருக்கிறேன். மார்கழி விடுமுறைக்குப் பிள்ளைகள் வரத் தொடங்குவதற்கு முன் செய்து முடிப்பதாக அந்தப் பெண் சொன்னார்.