கேம் கதையெழுத்து வகுப்பில் சேருமுன் இதைப் படியுங்கள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி அறையில் வார இறுதிகளில் வீடியோ கேம் கதையெழுத்து வகுப்பு நடக்கிறது. கட்டணம் 1,800 ரிங்கிட். முடித்தவுடன் கேம் நிறுவனத்தில் வேலை நிச்சயம் என்று விளம்பரம் செய்கிறார்கள். அங்கே படித்தவன் நான். நம் பிள்ளைகள் இன்னும் அங்கே பணம் கட்டிக்கொண்டிருப்பதால் இதை எழுதுகிறேன்.

அங்கே சொல்லித் தந்ததெல்லாம் சினிமாத் திரைக்கதைதான். நாயகன், வில்லன், இடைவேளைத் திருப்பம். கேமில் ஆடுபவர் எந்தக் கதவைத் திறப்பார் என்பது எழுதுகிறவருக்குத் தெரியாது. கிராமத்துக் கிழவியிடம் பேசாமலே அவர் ஊரைக் கடந்துவிட்டால், அவள் சொல்லவிருந்த செய்தியை வேறு யார் சொல்வது? அவர் உயிரோடு விட்ட திருடன் பிறகு எதிரே வந்தால் என்ன பேசுவான்? ஆடுபவர் எடுத்த அந்த முடிவை நினைவில் வைக்கும் மாறிகள் (கேம் தனக்குள் குறித்து வைக்கும் மதிப்புகள்) வேண்டும். ஒவ்வொரு தேர்விலும் கதை இரண்டாகப் பிரிந்துகொண்டே போனால் பத்தாவது தேர்வில் 1,024 கிளைகள் ஆகிவிடும். அதனால் கிளைகளை எங்கே மீண்டும் சேர்ப்பது என்று தெரிய வேண்டும். திரும்பத் திரும்பக் கேட்டாலும் அலுக்காதபடி காவலாளிக்கு ஒற்றை வரி வசனங்கள் எழுதத் தெரிய வேண்டும். இந்தத் தொழிலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இதில் எதையும் அவர்கள் தொடவில்லை. கேட்டபோது, "அதையெல்லாம் கம்ப்யூட்டர்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள், தம்பி" என்றார் ஆசிரியர்.

மென்பொருளுக்கென்று தனியாக 250 ரிங்கிட் வாங்கினார்கள். பென்டிரைவில் தந்தது ட்வைன். கிளைக்கதை எழுத உதவும் அந்தக் கருவி 2009 முதல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இங்க் என்ற இன்னொரு நல்ல கருவியும் இலவசம்தான்.

இதைவிடப் பெரிய அநியாயம் இறுதிப் பயிற்சியில் நடந்தது. உடன் படித்த ஒரு தங்கை பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலைச் சுற்றி அருமையான கதை ஒன்றை எழுதினாள். சில மாதங்கள் கழித்து அவளுடைய வசனங்கள் வரி மாறாமல் இவர்களுடைய கைப்பேசி கேமில் வந்தன. அவள் பெயர் எங்கும் இல்லை. கேட்டதற்கு ஒரு படிவத்தை நீட்டினார்கள். வருகைப் பதிவுத் தாள்களோடு சேர்த்துக் கையெழுத்து வாங்கியது அது. மாணவர் எழுதுவதெல்லாம் நிறுவனத்துக்கே சொந்தம் என்று அதில் பொடி எழுத்தில் இருந்தது.

1987ஆம் ஆண்டு மலேசியப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தின் உரிமை பொதுவாக எழுதியவருக்கே உரியது. பதிவு செய்யாவிட்டாலும் உண்டு. அதை இன்னொருவருக்கு மாற்ற எழுத்து ஆவணம் வேண்டும். பணம் கட்டிப் படிக்கும் மாணவர் இவர்களின் ஊழியரும் அல்லர். எனவேதான் அந்தக் கையெழுத்தை அப்படி மறைத்து வாங்கியிருக்கிறார்கள். வகுப்பில் எந்தத் தாளை நீட்டினாலும் முழுவதும் படியுங்கள், நகல் கேளுங்கள். தர மறுத்தால் கையெழுத்திடாதீர்கள்.

கட்டணத்தைத் திரும்பப் பெறப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுச் செய்கிறேன். மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரை கோரலாம். பதிப்புரிமைத் தகராறை அங்கே விசாரிக்க மாட்டார்கள். தங்கையின் கதைக்குத் தனியாக ஒரு வழக்கறிஞரைப் பார்க்கிறோம். அதே வகுப்பில் படித்தவர்கள் ரசீது, விளம்பரப் படம், வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழிக்காமல் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.