உறைந்த தோள்: ஊசியா, பயிற்சியா?

கோலாலம்பூர் செந்தூலில் எல்.ஆர்.டி. ரயில் ஏறி மேல்பிடியைப் பிடிக்கப் போனபோதுதான் வலது கை காதுக்கு மேல் போகவில்லை என்று தெரிந்தது. இரண்டு மாதத்தில் தலை சீவவும் முடியாமல் போனது. ராத்திரி அந்தப் பக்கம் புரண்டால் உயிர் போகும். எனக்கு வயது 53, இனிப்பு நீர் (நீரிழிவு) எட்டு வருடமாக இருக்கிறது.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. டாக்டர் என் முழங்கையை விலாவோடு ஒட்டவைத்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்பிப் பார்த்தார்; அவர் திருப்பியும் வரவில்லை. தசைநார் கிழிந்திருந்தால் நம்மால்தான் தூக்க முடியாது, பெரும்பாலும் இன்னொருவர் தூக்கினால் கை வந்துவிடும். இதில் யார் தூக்கினாலும் வராது, ஏனென்றால் மூட்டைச் சுற்றியிருக்கும் உறையே தடித்துச் சுருங்கிவிடுகிறது. ஃப்ரோஸன் ஷோல்டர் என்றார். 40க்கும் 60க்கும் இடைப்பட்டவர்களுக்கு, அதிலும் இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு, அதிகம் வருவது. முதலில் வலி, பிறகு இறுக்கம், கடைசியில் மெல்லத் தளர்தல் என்று ஒன்றிலிருந்து மூன்று வருடம்வரை இழுக்கும்.

பெரியம்மா சொல்லி ஒரு தடவை உருட் (மலாய் முறை உடம்புபிடி) போனேன். அன்றைக்கு இதமாக இருந்தது, மறுநாள் வலி கூடியது. அதோடு விட்டுவிட்டேன்.

மயக்கம் கொடுத்துக் கையை அசைத்து விடுவதும், சிறு துளை வழியாக உறையை வெட்டி விடுவதும் இருக்கின்றன. இரண்டும் நான் செய்துகொண்டதில்லை. நாத்தனார் செய்துகொண்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகும் அவர் மாதக்கணக்கில் பயிற்சிக்குப் போனார். பிரிட்டனில் 35 மருத்துவமனைகளில் 503 பேரை வைத்து இந்த இரண்டையும், ஊசியோடு சேர்ந்த பிசியோதெரபியையும் ஒப்பிட்ட ஆய்வு 2020இல் வெளிவந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் மூன்றில் எதுவும் மற்றதைவிடப் பெரிதாக மேல் இல்லை. அதனால் கத்தியை ஒதுக்கினேன்.

மிஞ்சியது ஊசியும் பயிற்சியும். ஸ்டீராய்டு ஊசி வலியை வேகமாகத் தணிக்கும், முதல் கட்டத்தில்தான் அதற்குப் பலன் அதிகம். நானும் ஒன்று போட்டுக்கொண்டேன், மூன்று மாதத்தில் முதல் தடவையாக முழு ராத்திரி தூங்கினேன். ஆனால் காலையில் 7க்குப் பக்கத்தில் (மில்லிமோல் கணக்கில்) இருந்த ரத்தச் சர்க்கரை மறுநாள் 13ஐத் தொட்டது, இறங்க ஐந்து நாள் ஆனது. இனிப்பு நீர் உள்ளவர்கள் இதை டாக்டரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். சில வாரத்தில் ஊசியின் வேகம் குறையத் தொடங்கும். அதற்குள் கையை அசைத்துப் பழக்காவிட்டால், வலி போய் இறுக்கம் மட்டும் நிற்கும்.

என் முடிவைத் தீர்மானித்தது இதுதான்: சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு யார் பார்த்துக்கொள்வது? தெரபிஸ்ட் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை அரை மணி நேரம் பார்ப்பார். மற்ற இருபது நாளும் என் பொறுப்பு. காலையில் வெந்நீர்ப் பையை ஒத்தி, குனிந்து கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல்போல் ஆட்டுவேன். பிறகு இரண்டு கையிலும் குச்சியைப் பிடித்து, நல்ல கையால் கெட்ட கையை வெளியே தள்ளுவேன். சோறு வேகும் நேரத்தில் சமையலறைச் சுவரில் விரலால் ஏறுவேன். முதல் வாரம் நான்காவது டைல், ஐந்தாம் மாதம் ஒன்பதாவது. தீபாவளி வேலையில் பத்து நாள் விட்டேன், இரண்டு டைல் இறங்கிவிட்டது. அதைத் திரும்ப ஏற ஒரு மாதம் பிடித்தது.

வலிக்க வலிக்கச் செய்தால் சீக்கிரம் குணமாகும் என்பது தவறு. பயிற்சி முடிந்த வலி அன்று ராத்திரியும் தொடர்ந்தால், மறுநாள் பாதியாகக் குறைக்கச் சொன்னார் தெரபிஸ்ட்.

செலவு பெரிய விஷயமில்லை. அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி (ரிங்கிட்), காத்திருப்புதான் நீளம். அந்த இடைவெளியில் தனியாரிடம் நான்கு தடவை போனேன், ஒவ்வொன்றுக்கும் 120 வெள்ளி.

இப்போது பதினோராம் மாதம். தலை சீவுகிறேன், எல்.ஆர்.டி.யில் மேல்பிடி எட்டுகிறது. ரவிக்கையின் பின்கொக்கி மட்டும் இன்னும் மகள் கையில். தானாகத் தளரும் நோய் என்பதால் எல்லாப் பெருமையையும் பயிற்சிக்கே கொடுக்க மாட்டேன். நாளைக்கு இடது தோளிலும் இது வந்தால், ராத்திரித் தூக்கம் கெடும் முதல் மாதத்திலேயே ஒரு ஊசி போட்டுக்கொண்டு, வலி அடங்கிய அந்த வாரமே சுவர் ஏறத் தொடங்குவேன்.