டே ஸ்கிப்பர் பயிற்சி: இங்கிலாந்தில் வாங்கிய சான்றிதழ் குரோஷியாவில் செல்லுமா?

போன செப்டம்பரில் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள சொலண்ட் கடலில் ஆர்.ஒய்.ஏ. (பிரிட்டனின் படகோட்டச் சங்கம்) டே ஸ்கிப்பர் செய்முறைப் பயிற்சியை முடித்தேன். பாய்மரப் படகுக்குத் தலைவராக இருந்து பகலில் ஓட்டக் கற்றுத்தரும் பயிற்சி இது. இந்த ஜூனில் குரோஷியாவின் ஸ்பிளிட் பக்கம் 38 அடிப் பாய்மரப் படகு ஒன்றை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்தேன். வெளிநாட்டில் நாமே படகோட்ட வேண்டும் என்ற ஆசையில் இந்தப் பயிற்சியில் சேர நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

பயிற்சியைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐந்து நாளும் படகிலேயே சாப்பாடு, தூக்கம். சவுதாம்ப்டன் பக்கம் கடல் ஏற்றம் அடுத்தடுத்து இரண்டு முறை உச்சம் தொடும். அதைக் கணக்கிட்டுத்தான் கிளம்பும் நேரத்தைச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் பயிற்சியாளர் திட்ட மாட்டார், "திரும்பப் போட்டுப் பாருங்கள்" என்பார், அவ்வளவுதான். ஒரு மிதவையைக் கடலில் எறிந்து, ஆள் விழுந்துவிட்டதாக நினைத்துத் திரும்பிப் போய் எடுக்கச் சொன்னார். எனக்கு ஏழாவது முறைதான் கைக்கு வந்தது. இரவில் லிமிங்டன் ஆற்றுக்குள் நுழைந்தபோது சிவப்பு, பச்சை விளக்குகளை நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, கூடப் படித்த பெண் சுக்கானைப் பிடித்தார். அந்த இரவை நான் மறக்கப் போவதில்லை.

என் வருத்தம் இந்தப் பயிற்சியை நடத்திய படகோட்டப் பள்ளியின் அலுவலகத்தின் மேல்தான். "இது உலகம் முழுக்கச் செல்லும்" என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்கள். சான்றிதழை அனுப்பியதும் குரோஷிய வாடகை நிறுவனம் பதில் போட்டது: ஐ.சி.சி. (சர்வதேசத் திறன் சான்றிதழ்) எங்கே, படகின் வி.எச்.எஃப். ரேடியோவில் பேசுவதற்கான சான்றிதழ் எங்கே? இரண்டுமே என்னிடம் இல்லை.

விஷயம் இதுதான். பிரிட்டனில் சொந்த உல்லாசத்துக்குச் சின்னப் படகு ஓட்ட உரிமமே தேவையில்லை. டே ஸ்கிப்பர் என்பது நீங்கள் கற்றுக்கொண்டதற்கான சான்று, அரசு தரும் உரிமம் அல்ல. எல்லை தாண்டிக் காட்டுவதற்கென்று இருப்பது ஐ.சி.சி. ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் கொண்டுவந்த 40ஆம் தீர்மானத்தின்படி தரப்படுவது. எல்லா நாடுகளும் அந்தத் தீர்மானத்தை ஏற்கவில்லை, அதனால் போகும் நாட்டை ஒவ்வொரு முறையும் விசாரிக்கத்தான் வேண்டும். நல்ல வேளை, டே ஸ்கிப்பர் செய்முறை முடித்தவர்களுக்குக் கடலோர ஐ.சி.சி.க்குத் தனித் தேர்வு இல்லை. சான்றிதழ் நகலோடு விண்ணப்பித்தால் போதும். ஐரோப்பாவின் கால்வாய்களில் ஓட்ட ஆசை இருந்தால் மட்டும் செவ்னி என்ற, உள்நாட்டு நீர்வழி விதிகள் பற்றிய தேர்வை எழுத வேண்டும்.

ரேடியோவுக்கு ஒரு நாள் வகுப்பும் தேர்வும். அதைக் கடைசி நேரத்தில் ஓடிப்போய் எழுதினேன். பள்ளி ஆறு மாதம் முன்பே ஒரு வரி சொல்லியிருந்தால் இந்தப் பதற்றம் இருந்திருக்காது.

ஸ்பிளிட்டில் இரண்டு சான்றிதழ்களின் அசலையும் வாங்கிப் பார்த்தார்கள், ஆள் பட்டியலைச் சரிபார்த்தார்கள், சாவியைக் கொடுத்தார்கள். கேள்வியே இல்லை. ஆனால் முதல் மாலை, பக்கத்து பிராச் தீவின் மில்னா துறைமுகத்தில்தான் எனக்கு வியர்த்தது. சொலண்டில் படகை மிதவை மேடையோடு பக்கவாட்டில் அணைத்துக் கட்டியே பழகியிருந்தேன். அங்கே பின்னோக்கி வந்து, பின்பக்கத்தைக் கரையோடு கட்டி, கடலடியிலிருந்து வரும் கயிற்றை எடுத்து முன்பக்கம் கட்ட வேண்டும். இரு பக்கமும் நெருக்கமாகப் படகுகள். கரையில் நின்ற ஒருவர் கை காட்டி உதவினார். பயிற்சியில் கடல் ஏற்றவற்றக் கணக்கில் அத்தனை மணி நேரம் செலவழித்தோம். குரோஷியாவின் அத்ரியாட்டிக் கடலில் அது பெரும்பாலும் அரை மீட்டர்கூட இல்லை! அங்கே கவனிக்க வேண்டியது காற்றைத்தான். தெற்கிலிருந்து வரும் யூகோ என்ற காற்றை நம் சோழகம் (தென்காற்று) என்று மனதில் வைத்துக்கொண்டேன். வடகிழக்கிலிருந்து திடீரென்று இறங்கும் பூரா என்ற காற்று நாங்கள் இருந்த வாரம் வரவில்லை.

பயிற்சிக்கு ஐந்துக்கு ஐந்து தருவேன், பள்ளி அலுவலகத்துக்கு இரண்டு. சேர்பவர்கள் ரேடியோ வகுப்பையும் அதே மாதத்தில் முடித்துவிடுங்கள். பின்னோக்கிக் கட்டுவதற்கு அரை நாள் ஒதுக்கும்படி பயிற்சியாளரிடம் முதல் நாளே கேளுங்கள். என் ஐ.சி.சி. ஐந்து ஆண்டுக்குச் செல்லும். அடுத்து கிரீஸ் போக நினைக்கிறோம். அங்கே ஸ்கிப்பரைத் தவிர படகு தெரிந்த இன்னொருவரும் வேண்டும் என்கிறார்கள். அதனால் இந்தக் கோடையில் என் மனைவி காம்பிட்டன்ட் க்ரூ என்ற, படகில் உதவியாளராக இருக்கக் கற்றுத்தரும் பயிற்சியில் சேர்கிறாள், அதே பயிற்சியாளரிடம்தான்.