அடல் பென்ஷன் யோஜனா: அம்மாவுக்குச் சரி, மகளுக்கு?

அமைப்புசாராத் தொழிலாளர்களை மனத்தில் வைத்து 2015 மே மாதம் தொடங்கப்பட்ட அடல் பென்ஷன் யோஜனாவில், 18 முதல் 40 வயது வரை உள்ளவர்கள், வருமான வரி செலுத்தாதவர்களாக இருந்தால், வங்கியிலோ அஞ்சலகத்திலோ கணக்கு வைத்துச் சேரலாம். மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரையிலான ஐந்து ஓய்வூதியப் படிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், 60 வயதுக்குப் பின் அத்தொகை ஆயுள் முழுவதும் வரும்; சந்தாதாரர் மறைந்தால் வாழ்க்கைத் துணைக்கு அதே ஓய்வூதியம் தொடரும்; இருவருக்கும் பிறகு சேர்ந்திருக்கும் நிதி, 5,000 ரூபாய் படியில் ஏறத்தாழ 8.5 லட்சம், நியமனதாரரைச் சேரும். முதலீட்டின் வருவாய் குறைந்தாலும் பற்றாக்குறையை மத்திய அரசு ஈடுகட்டும் என்ற உத்தரவாதமே இதன் உண்மையான பலம்.

சேருவதில் சிரமம் எதுவும் இல்லை. படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட்டால், சந்தா மாதாமாதம் சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகவே பிடித்துக்கொள்ளப்படும். ஆனால் எந்தப் படி நமக்கு ஏற்றது என்று யாரும் எடுத்துச் சொல்வதில்லை. எங்கள் தெருவில் தையல் வேலை செய்யும் 39 வயதுப் பெண்மணியும் அவருடைய 18 வயது மகளும் ஒன்றாகச் சேரச் சென்றபோது உடன் சென்றிருந்தேன். மகளின் படிவத்தில், கேட்காமலேயே, மாதம் 42 ரூபாய் சந்தாவுக்குரிய 1,000 ரூபாய் படியைக் குறிக்கப் பேனாவை எடுத்துவிட்டார் ஊழியர். எண்ணிக்கை கூடினால் போதும் என்ற அவசரம் கவுன்டருக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கே தெரிந்தது.

5,000 ரூபாய் படிக்குத் தாய் மாதம் 1,318 ரூபாய் வீதம் 21 ஆண்டுகளும், மகள் 210 ரூபாய் வீதம் 42 ஆண்டுகளும் கட்ட வேண்டும். முதல் பார்வையில் இளையவளுக்குக் கொள்ளை மலிவு என்று தோன்றும். இரண்டு சந்தாக்களையும் ஆண்டுக்கு 8 சதவீத வட்டியில் பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய ஒரே தொகையே சேர்கிறது. ஆகவே விலையில் ஓரவஞ்சனை இல்லை. ஓரவஞ்சனை பலனில் இருக்கிறது. விலைவாசி, ரிசர்வ் வங்கி இலக்காகக் கொண்டுள்ள 4 சதவீதத்திலேயே ஆண்டுதோறும் உயர்வதாக வைத்துக்கொண்டால், தாயின் 5,000 ரூபாய் அவருடைய 60ஆவது வயதில் இன்றைய மதிப்பில் சுமார் 2,200 ரூபாயாக இருக்கும். மகளின் 5,000 ரூபாய் ஆயிரத்தைக்கூடத் தொடாது. அவளுக்காக ஊழியர் குறிக்க இருந்த 1,000 ரூபாய் படியோ இன்றைய மதிப்பில் 200 ரூபாய்க்கும் கீழே போய்விடும். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள, 80 வயதை எட்டாத முதியோருக்கு, எந்தச் சந்தாவும் இல்லாமல், மத்திய அரசு தன் பங்காக வழங்கும் தொகையே 200 ரூபாய் (அதுவும் பல ஆண்டுகளாக உயர்த்தப்படாதது) என்பதை எண்ணிப் பார்த்தால், 42 ஆண்டுச் சேமிப்பின் அருமை விளங்கும்.

விலைவாசிக்கு ஏற்ப ஓய்வூதியத்தை உயர்த்துவது அரசுக்குத் தெரியாத கலையன்று. 2025 ஏப்ரல் முதல் மத்திய அரசு ஊழியர்களுக்கு நடைமுறையில் இருக்கும் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் அகவிலை நிவாரணம் உண்டு. அரசின் பங்களிப்பும் 18.5 சதவீதம். அவர்களுக்கு அது கூடாது என்பதல்ல என் வாதம். அந்த நிவாரணத்துக்கான பணம், நூல்கண்டு வாங்கும்போதுகூட ஜிஎஸ்டி கட்டும் இந்த மகளின் தலைமுறையிடமிருந்தும் வருகிறது என்பதும், அவளுக்கு மட்டும் 2015இல் வைத்த உச்சவரம்பு அப்படியே நிற்கிறது என்பதும்தான் உறுத்துகிறது. சந்தாவையும் ஓய்வூதியத்தையும் ஆண்டுக்குச் சிறிதளவு சேர்த்தே உயர்த்திக்கொள்ளும் ஒரு படியாவது இளையோருக்குத் தரப்பட்டிருக்க வேண்டும்.

ஆகவே, 35 வயதைக் கடந்து, வேறு எந்த ஓய்வூதியமும் இல்லாதவர்கள் தயங்காமல் சேரலாம். இயன்றால் 5,000 ரூபாய் படியிலேயே சேர வேண்டும். இருபதுகளில் இருப்பவர்கள் இதை அடித்தளமாக மட்டும் வைத்துக்கொண்டு, வருமானம் கூடும்போது தேசிய ஓய்வூதியத் திட்டத்திலோ பொது வருங்கால வைப்பு நிதியிலோ தனியாகச் சேமிப்பது நல்லது. குறைந்த படியில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை படியை மாற்றிக்கொள்ளலாம். இந்த வசதியைக் கிளையில் நாம் கேட்டால்தான் சொல்கிறார்கள்.