வேன் ஏசி டக்ட்டுல எலி: விஷ கேக்கா, கூண்டா, வலையா?

தை மாசம் சம்பா அறுப்பு முடிஞ்சா வயல்ல இருந்த எலியெல்லாம் எங்க போகும்? எங்க ஷெட்டுக்குதான். கும்பகோணம் பக்கம் வரப்ப ஒட்டி ஷெட்டு, நவகிரக டூர் ஓட்டற டிராவலர் வேன், நாலு நாள் சவாரி இல்லாம நின்னுச்சு. அடுத்த டூர்ல திங்களூர் தாண்டி ஏசிய போட்டா ஒரே மூத்திர வாடை, மேல ஏசி காத்து வர்ற டக்ட்லேர்ந்து வைக்கோல் தூளு கொட்டுது, பின் சீட்டு பாட்டி "பிள்ளையார் வாகனமும் டிக்கெட் எடுத்துடுச்சா தம்பி"ன்னு கேக்கறாங்க. குளிர் நாட்டுல கேம்பர் வேன் வச்சிருக்கறவங்களுக்கு ஹீட்டர் டக்ட்டுல இதே ரோதனை, கதகதப்பா இருக்குன்னு அங்க கூடு கட்டிடும்.

எல்லாரும் முதல்ல கை வைக்கறது விஷ கேக்குலதான், நானும் அப்படித்தான். புரோமாடியோலோன் கேக், 0.005 சதவீதம், தின்ன உடனே சாகாது, ரத்தம் உறையாம போய் சில நாள் கழிச்சுதான் சாகும், அதுதான் வில்லங்கமே. தண்ணி தேடி வெளிய ஓடிடும்னு கடைல சொன்னத நம்பினேன், அது டக்ட்டுக்குள்ளயே போய் செத்துச்சு, சீலிங்க கழட்டி எடுக்கறதுக்குள்ள ரெண்டு சவாரி போச்சு. வயலுக்கு ஓகே, வண்டிக்கு வேணவே வேணாம், நாய் பூனை அந்த எலிய தின்னாலும் ஆபத்து. மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்ட் பத்தி பேசவே வேணாம், நம்ம ஊர்ல தடை பண்ணியாச்சு.

பசை அட்டை மாட்டும், ஆனா உசுரோட கத்திட்டு கெடக்கும், பாக்க சகிக்காது. பாச்சா உருண்டை போட்டா எலி போகுதோ இல்லியோ ஏசி போட்டதும் பாசஞ்சருக்கு தலைவலி வருது. அல்ட்ராசோனிக் மெஷின் சத்தம் தகரத்தையும் சீட்டையும் தாண்டி டக்ட்டுக்குள்ள போகாது, காசு தண்டம்.

தஞ்சாவூர் கிட்டி நல்ல சாமான், மூங்கில் வில்லு வச்ச எலிப்பொறி, வயல்ல அதுக்கு ஈடே கெடையாது. வண்டிக்குள்ள வைக்க எடமில்ல, அதனால ஷெட்டுக்கு வெளிய வரப்பு வளையில மட்டும் ஆள் வச்சு போட்டேன்.

வண்டிக்குள்ள கூண்டுதான். மசால்வடைய விட கருவாட்டுக்கு சீக்கிரம் விழுந்துச்சு, தரையில செவுத்த ஒட்டி வைக்கணும், நடுவுல வச்சா சீண்டாது.

எலி நுழையற ஓட்டையில கம்பி வலை அடிக்கறதுதான் நிரந்தர வழி, ஆனா கூண்டுக்கு அப்புறம்தான் அடிக்கணும், முன்னாடியே அடிச்சா உள்ள இருக்கறது உள்ளயே மாட்டி விஷ கேக் கதைதான். சுண்டெலி 6 மில்லிமீட்டர் ஓட்டையிலயே நுழைஞ்சிடும், அதவிட சின்ன கண்ணு உள்ள எவர்சில்வர் வலை வாங்குங்க, பிளாஸ்டிக் கொசுவலைய ஒரே ராத்திரில கடிச்சு துப்பிடும், பல்லு வளந்துட்டே இருக்கற ஜீவனாச்சே. பைப்பு ஒயர் நுழையற ஓட்டைங்க, வெளிக்காத்து இழுக்கற வாய், ரெண்டையும் அடைச்சேன். காத்து வாய்ல தூசு அடையும், அப்பப்ப பிரஷ் போடணும், அது ஒண்ணுதான் கொறை.

எலி கட்டின கூட்ட எடுக்கறப்ப மாஸ்க், கையுறை போட்டுக்கங்க, காஞ்ச புழுக்கைய கூட்டாதீங்க, பிளீச்சிங் தண்ணி தெளிச்சு ஊறவச்சு தொடைங்க, எலிக்காய்ச்சல் அந்த மூத்திரத்துலேர்ந்துதான் வருது.

இந்த வருஷம் வலை தாங்கிடுச்சு, கூண்டு ஷெட்டு மூலையில சும்மா கெடக்கு, கருவாட்டுக்கு பூனைதான் வருது.