ஏதென்ஸ் அகோரா அருங்காட்சியகம்: வாக்குரிமையின் பழைய கருவிகள்

ஏதென்ஸ் நகருக்குச் செல்பவர்களில் பலர் அக்ரோபோலிஸ் குன்றில் ஏறி, பார்த்தெனான் கோயிலைக் கண்டதோடு திரும்பிவிடுகின்றனர். மக்களாட்சியின் வரலாற்றை அறிய விரும்புவோர் அந்தக் குன்றின் வடமேற்கு அடிவாரத்தில் உள்ள, அக்காலத்தில் சந்தையும் பொதுமன்றமுமாக இருந்த பழைய அகோராவுக்கும், அதனுள் அமைந்த அட்டலோஸ் மண்டப அருங்காட்சியகத்துக்குமே அதிக நேரம் ஒதுக்க வேண்டும். பெர்கமோன் மன்னர் இரண்டாம் அட்டலோஸ் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கட்டிய இம்மண்டபத்தை, அகழாய்வு நடத்திய அமெரிக்க நிறுவனத்தார் 1953 முதல் 1956 வரை பழைய அடித்தளத்தின் மேலேயே மீண்டும் எழுப்பினர்.

காட்சிக்கூடம் ஒரே நீண்ட அறை. பொருள்கள் கால வரிசையில் உள்ளன. கல்லறைப் பொருள்களையும் வண்ணப் பானைகளையும் விரைவாகக் கடந்துவிடலாம். நின்று பார்க்க வேண்டியவை, கி.மு. 508இல் ஏதென்ஸ் தலைவர் கிளைஸ்தனீஸ் தொடங்கிய மக்களாட்சிச் சீர்திருத்தங்களுக்குப் பின் வந்த ஆட்சிக் கருவிகள். குடிமக்கள் ஒருவரையொருவர் முழுமையாக நம்பவில்லை என்பதையும், அந்த அவநம்பிக்கைக்கு அவர்கள் பொறுமையாக வழி கண்டனர் என்பதையும் இவை காட்டுகின்றன. இங்கு நான் மிகவும் மதித்தது இதைத்தான்.

வரிசை வரிசையாகத் துளைகள் வெட்டிய பளிங்குப் பலகையின் உடைந்த பகுதி ஒன்று இங்குள்ளது. குடிமக்கள் தம் பெயர் பொறித்த தகடுகளை அத்துளைகளில் செருகுவர். பக்கவாட்டுக் குழாயில் கறுப்பும் வெள்ளையுமாக இடப்பட்ட உருண்டைகளில் எது வெளிவருகிறதோ, அதைப் பொறுத்து ஒரு வரிசையினர் முழுவதும் நீதிமன்றப் பணிக்குத் தேர்வாவர் அல்லது வீடு திரும்புவர். யார் நடுவராக அமர்வார் என்பது அன்று காலை வரை எவருக்கும் தெரியாததால், கையூட்டுக் கொடுக்க ஆள் தேடுவதே கடினமாயிற்று. அருகில் உள்ள வெண்கல வாக்குவில்லைகளின் நடுத்தண்டு சிலவற்றில் கெட்டியாகவும் சிலவற்றில் உள்ளீடற்றும் இருக்கும். கெட்டியானது குற்றம் சாட்டப்பட்டவருக்கும் உள்ளீடற்றது குற்றம் சாட்டியவருக்கும் ஆதரவான வாக்கு. தண்டின் இரு முனைகளையும் விரல்களால் மூடிக்கொண்டு இட்டால், எதை இட்டார் என்பது பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது. வழக்கில் பேசுவோரின் நேரத்தை அளந்த மண் நீர்க்கடிகாரம் ஏறத்தாழ ஆறு நிமிடங்களில் வடிந்துவிடும். நம் சட்டமன்றங்களுக்கும் ஒன்று வாங்கி அனுப்பலாம் என்று தோன்றியது.

கூட்டம் அதிகம் கூடுவது பானை ஓடுகளின் முன்னால்தான். செல்வாக்கு மிகுந்துவிட்டதாக அஞ்சப்பட்ட தலைவரைப் பத்தாண்டுகள் நாட்டை விட்டு வெளியேற்ற, அவர் பெயரை ஓட்டில் கீறி வாக்களிப்பது வழக்கம்; ஆறாயிரம் ஓடுகள் தேவைப்பட்டன. தெமிஸ்டோக்ளீஸ், அரிஸ்டைடீஸ் போன்ற தலைவர்களின் பெயர்களை அவர்கள் காலத்துக் கீறல்களிலேயே இங்கே படிக்கலாம். அக்ரோபோலிஸின் வடசரிவில் ஒரு கிணற்றில் தெமிஸ்டோக்ளீஸ் பெயரிட்ட சுமார் 190 ஓடுகள் கிடைத்தன. அத்தனையையும் பதினான்கு பேர் மட்டுமே எழுதியிருந்தனர். முன்கூட்டியே எழுதி வாக்காளர்களுக்கு வழங்க வைத்திருந்தவை என்றே ஆய்வாளர்கள் கருதுகின்றனர். மறைவாக வாக்களிக்க வில்லை செய்த அதே ஊரில் ஆள்பிடிக்கும் வேலையும் நடந்திருக்கிறது.

குலுக்கல் முறையைக் காணும் தமிழருக்கு உத்திரமேரூர்க் கல்வெட்டு நினைவுக்கு வருவது இயல்பு. கி.பி. 919, 921 ஆண்டுகளின் அந்தக் குடவோலை விதிகள் நிலம், சொந்த மனை, வயது, வேதக்கல்வி ஆகியவற்றால் பெரும்பாலோரை விலக்கின. ஏதென்ஸும் விலக்கியது: பெண்கள், அடிமைகள், குடியேறியோர் ஆகியோருக்கு வாக்கில்லை, கி.மு. 451க்குப் பின் பெற்றோர் இருவருமே ஏதென்ஸ் குடிகளாக இருந்தால்தான் குடியுரிமை. இக்கருவிகளை வியக்கும்போது, அவை எத்தனை சிறிய வட்டத்துக்குள் புழங்கின என்பதைப் பார்வையாளரே கணக்கில் கொள்ள வேண்டும். கிரேக்கப் பெண்கள் முழு வாக்குரிமை பெற்றது 1952இல். அவர்கள் முதன்முறையாகப் பொதுத்தேர்தலில் வாக்களித்ததும் இம்மண்டபம் திறக்கப்பட்டதும் 1956ஆம் ஆண்டில்தான்.

கி.மு. 337/336இல் இயற்றப்பட்ட கொடுங்கோன்மைத் தடைச் சட்டத்தின் கல்லையும் தவறவிடக் கூடாது. மக்களாட்சி என்னும் பெண் உருவம், மக்களைக் குறிக்கும், அமர்ந்திருக்கும் உருவத்துக்கு முடிசூட்டுவதாக அதன் மேற்பகுதியில் செதுக்கியுள்ளனர். கைரோனியா போரில் வடக்கே இருந்த மாசிடோனிய அரசிடம் ஏதென்ஸ் தோற்று ஈராண்டுகளுக்குள் பிறந்த சட்டம் அது, கி.மு. 322இல் மாசிடோனியர் அந்த மக்களாட்சியையே முடித்துவைத்தனர்.

நாங்கள் அமர்த்திய சுற்றுலா வழிகாட்டி, அகோராவிலேயே உள்ள ஹெஃபைஸ்டோஸ் கோயிலின் முன் நெடுநேரம் பேசிவிட்டு, அருங்காட்சியகத்தில் எங்களை அவசரப்படுத்தினார். ஆகவே வழிகாட்டி இன்றி, சிறிது படித்துவிட்டுச் செல்வதே நலம். வாக்குவில்லை போன்ற சிறு பொருள்களின் பயன் பார்த்த மாத்திரத்தில் விளங்காது. மொனாஸ்டிராகி மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே வரலாம். கோடையில் அகோராவின் இடிபாடுகளைக் காலையிலேயே சுற்றிவிட்டு, வெயில் ஏறியபின் மண்டபத்துக்குள் நுழைவது நல்லது. ஏதென்ஸ் குடிமக்களின் பேரவை கூடிக் கைதூக்கி வாக்களித்த பின்னிக்ஸ் குன்றும் நடை தூரத்தில்தான் இருக்கிறது. அதை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம்.