நிசான் சக்குரா: கொழும்புக்கு அளவெடுத்துத் தைத்த கார், ஆனால் பிளக் எங்கே?

சொந்தமாகக் கார் நிறுத்த இடமும், அந்த இடம் வரை கரண்ட் இழுக்க வழியும் உங்களுக்கு இருந்தால் நிசான் சக்குரா என்ற சின்ன மின்சாரக் காரைத் தாராளமாக வாங்கலாம். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வேண்டாம். முடிவு இதுதான். காரணம் வேண்டியவர்கள் மேற்கொண்டு படியுங்கள்.

நான் உயர்தர இரசாயனவியல் படிப்பிக்கிறவள். வீடு வெள்ளவத்தையில். காலையில் பம்பலப்பிட்டி, மத்தியானம் தெஹிவளை, பின்னேரம் கொட்டாஞ்சேனை என்று டியூட்டரிகளுக்கு இடையில் ஓடுவதுதான் பிழைப்பு. முன்பு வேகன் ஆர் வைத்திருந்தேன். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியைத் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அதற்கிடையில், ஓடித் தேய்ந்த என் வேகன் ஆரின் விலை குறைவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டே போனது. 2022 பெற்றோல் வரிசையில் ஸ்டியரிங்கின் மேல் விடைத்தாளை வைத்துத் திருத்தியபோதே அடுத்தது மின்சாரக் கார்தான் என்று முடிவெடுத்துவிட்டேன்.

சக்குரா ஜப்பானில் 2022 இல் வந்தது. மிட்சுபிஷியோடு சேர்ந்து செய்தது. அவர்கள் பெயரில் வருவது ஈகே கிராஸ் ஈவி. இரண்டும் ஒரே தொழிற்சாலையில்தான் செய்யப்படுகின்றன. வந்த வேகத்தில் ஜப்பானின் அவ்வருடக் கார் விருதையும் எடுத்தது. நீளம் 3,395 மில்லிமீற்றர், அகலம் 1,475. மோட்டார் 47 கிலோவாற். ஜப்பானில் கெய் என்ற மிகச் சின்னக் கார் ரகத்தில் கம்பனிகள் இதற்கு மேல் போவதில்லை. நம் நாட்டில் மின்சாரக் காருக்குத் தீர்வை போடுவது மோட்டாரின் கிலோவாற்றைப் பார்த்து. அதனால்தான் ஜப்பானில் பால் வாங்கப் போகிற இந்தச் சின்னக் கார் இங்கே விற்பனைக் கூடங்களில் வந்து நிற்கிறது.

விளம்பரங்களில் "2025 மாடல், அன்ரெஜிஸ்டர்ட்" என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். அதில் மயங்க வேண்டாம். 2022 இலிருந்து 2025 வரை பற்றரி அதே 20 கிலோவாற் மணிதான், மோட்டாரும் அதேதான். புது வருடத்துக்கு நீங்கள் கொடுக்கும் கூடுதல் காசுக்கு வயது குறைந்த பற்றரி கிடைக்கும், திறமான பற்றரி கிடைக்காது. அன்ரெஜிஸ்டர்ட் என்றால் இங்கே பதியவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். ஜப்பானில் ஒருவர் கொஞ்ச நாள் ஓட்டியிருக்கலாம். ஒக்‌ஷன் ஷீட்டை, அதாவது ஜப்பான் ஏலத்தில் காரின் நிலையை எழுதிய தாளை, வாங்கிப் பாருங்கள். எந்த மாதம் செய்தது, பற்றரியின் ஆரோக்கியம் எத்தனை வீதம் என்று கேளுங்கள். ஜப்பானில் வாங்குகிறவருக்குப் பற்றரிக்கு 8 வருடம் அல்லது 160,000 கிலோமீற்றர் உத்தரவாதம் உண்டு. கப்பலேறி வந்த காருக்கு அது கூடவே வராது. இறக்குமதி செய்தவர் எழுத்தில் தருவது எதுவோ அதுதான் உங்கள் உத்தரவாதம்.

சரி, ஓட்டம். சிவப்பு விளக்கு பச்சையானதும் 195 நியூற்றன் மீற்றர் முறுக்குவிசை முழுதாகக் காலடியில் கிடைக்கிறது. வேகன் ஆரில் காலி வீதியில் பஸ்ஸுக்கு முன்னால் புகுவதற்கு ஒரு கணம் யோசிக்க வேண்டும். இதில் யோசிக்கும் முன்பே புகுந்திருப்போம். திரும்பும் ஆரை 4.8 மீற்றர். ஹம்டன் லேனில் இரண்டு பக்கமும் வாகனம் நிற்க, நடுவில் மீன்காரரின் சைக்கிளும் வந்தால் இந்த எண்ணின் அருமை விளங்கும். ஈ பெடல் என்று ஒரு பொத்தான், அதைப் போட்டுவிட்டால் ஊர்கிற ட்ராஃபிக்கை ஒற்றைக் காலால் சமாளிக்கலாம். ஆனால் முழுதாக நிற்க பிரேக் மிதித்தே ஆகவேண்டும். காலை எடுத்தால் வண்டி மெதுவாகும், நிற்காது. பழகாதவர் கையில் கொடுக்கும்போது இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சத்தம் இல்லாததால் புறக்கோட்டையில் கவனம் வேண்டும். மெதுவாகப் போகும்போது வண்டி ஒரு மெல்லிய ஓசை எழுப்பத்தான் செய்கிறது. ஆனால் தலையில் மூட்டையோடு குறுக்கே வருகிற நாட்டாமிமாருக்குச் செட்டியார் தெருச் சத்தத்தில் அது எங்கே கேட்கப் போகிறது.

இனித் தூரம். கம்பனிக் கணக்கில் ஒரு முழுச் சார்ஜுக்கு 180 கிலோமீற்றர். கொழும்பில் ஏ.சி. போட்டு ஓடினால் 120, 130 என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு காரில் இருந்து வருகிறவர்களுக்கு முதலில் பிடிபடாத விசயம் ஒன்று இருக்கிறது. பின்னேர ட்ராஃபிக்கில் மோட்டார் அதிகம் தின்பதில்லை. வண்டி அசையாமல் நிற்கையில் அதற்குச் செலவே இல்லை. ஏ.சி. அப்படியல்ல, அது மணிக்கணக்கில் தின்னும். பம்பலப்பிட்டிச் சந்தியில் இருந்து தெஹிவளைப் பாலம் வரை மழையில் ஒரு மணி நேரம் ஊர்ந்தால், போன தூரம் கொஞ்சம், போன கரண்ட் ஏறக்குறைய ஒரு அலகு. அந்த ஒரு அலகில் ஆறேழு கிலோமீற்றர் ஓடியிருக்கலாம். எதிர்ப்பக்கம் கட்டுநாயக்க அதிவேகப் பாதை. மணிக்கு 100 இல் விட்டால் உயரமான பெட்டி உடம்பு காற்றோடு மல்லுக்கட்டும்; பற்றரி வீதம் கண்ணெதிரே இறங்கும். 80 இல் போனால் பிரச்சினை இல்லை. விமான நிலையம் போய்வர இந்தக் கார் தாராளமாகக் காணும்.

கண்டி போகலாமா என்று கேட்பார்கள். போகலாம், வழியில் ஒரு தடவை வேகச் சார்ஜ் போட மனமிருந்தால். கடுகண்ணாவ ஏற்றத்தில் இழந்ததில் கொஞ்சத்தைத் திரும்பி இறங்கும்போது வண்டி மீட்டுக்கொள்ளும். யாழ்ப்பாணம் என்றால் ரயிலில் போங்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு நானூறு கிலோமீற்றர் போக 20 கிலோவாற் மணிப் பற்றரியை நம்பிப் புறப்படுவது, முருகன் மேல் அளவுக்கு மீறிப் பாரத்தைப் போடுவது.

பிளக் விசயத்துக்கு வருகிறேன். ஆகக் கூடிய தலையிடி இங்கேதான். விற்ற இடத்தில் "வீட்டில் எந்தச் சொக்கற்றிலும் குத்தலாம்" என்று சிரித்துக்கொண்டு சொன்னார்கள். சக்குரா சாதாரணச் சார்ஜில் 2.9 கிலோவாற் எடுக்கும். நம் 230 வோல்ற்றில் அது 13 அம்பியர் சொக்கற்றின் விளிம்பு. வெறுமையில் இருந்து நிரம்ப எட்டு மணி நேரம் அந்த விளிம்பிலேயே நிற்கும். எங்கள் வீடு பழையது. வயரிங் பாஸ் வந்து, காரைச் செருகிவிட்டு, திண்ணையில் இருந்து பிளேன் டீ குடித்தார். பிறகு புறங்கையால் பிளக்கைத் தொட்டுப் பார்த்தார். உருவி எடுத்து என் மூக்குக்குக் கிட்டக் காட்டினார். மூன்று பின்களில் ஒன்றைச் சுற்றி மட்டும் வெள்ளைப் பிளாஸ்டிக் தேயிலைச் சாயம் பட்டது மாதிரி மங்கத் தொடங்கியிருந்தது. "மிஸ், கேத்தல் அஞ்சு நிமிசத்துல அணைஞ்சிரும். இது விடிய விடிய இழுக்கும்" என்றார். ஹட்டன் பக்கத்துக்காரர், தொழிலில் சுத்தம். மெயின் போட்டில் இருந்து தனி வயர், தனி பிரேக்கர், தனி ட்ரிப் சுவிச் போட்டு, மழை படாத பெட்டி ஒன்றையும் சுவரில் பூட்டித் தந்தார். அந்தச் செலவைக் காரின் விலையோடு சேர்த்தே கணக்குப் பாருங்கள்.

தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு இதைவிடக் கஷ்டம். என் தங்கை இருக்கிற கட்டடத்தில், தரிப்பிடத்தில் பிளக் பொயின்ற் போடக் கேட்டதற்கு முகாமைத்துவக் குழு கூட்டம் கூட்டமாகப் போட்டுக்கொண்டிருக்கிறது. பொது மீற்றரில் இருந்தா, உங்கள் மீற்றரில் இருந்தா, தீப்பிடித்தால் யார் பொறுப்பு? கேள்விகள் நியாயம்தான். பதில்தான் வருவதாயில்லை. அவளும் சக்குரா பார்த்து வைத்திருந்தாள். இப்போது பெற்றோல் காரைப் பற்றிப் பேசுகிறாள்.

வெளியில் சார்ஜ் போடலாமே என்றால், வாய் பொருந்த வேண்டும். சக்குராவின் வேகச் சார்ஜ் வாய் சாடெமோ. நிசானின் முந்திய மின்சாரக் காரான லீஃப் பெருகிய காலத்தில் வைத்த பழைய நிலையங்களில் அது இருக்கும். பி.வை.டி. போன்ற புது வண்டிகள் வந்த பிறகு சி.சி.எஸ். 2 என்ற வேறு வாயின் பக்கம்தான் எல்லோரும் சாய்கிறார்கள். சாதாரணச் சார்ஜ் வாய் டைப் 1. சுவரில் தொங்குவது பெரும்பாலும் டைப் 2. இதற்கு அடப்டர் வாங்கி டிக்கியில் போட்டுவிடலாம். ஒரு பேரங்காடியின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில், இருந்த ஒரே சாடெமோத் துப்பாக்கியைப் பொலித்தீன் பையால் மூடிக் கட்டியிருந்தார்கள். காவலாளியைக் கேட்டால், "அது வேலை இல்ல மேடம், போன வருசமே" என்றார். கிடைத்தாலும் வேகம் 30 கிலோவாற்தான். 80 வீதம் வர நாற்பது நிமிடம் ஆகும். ஒரு தேத்தண்ணியும் ரோல்ஸும் முடித்து, இரண்டு விடைத்தாளும் திருத்தலாம்.

மின்கட்டணம் பற்றி யாரும் சரியாகச் சொல்லவில்லை. பெற்றோலை விட மலிவு, அதில் சந்தேகமில்லை. ஆனால் நம் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதம் 180 அலகைத் தாண்டினால் ஆகக் கூடிய படி. ஏ.சி. அறை ஒன்றும் குளிர்சாதனப் பெட்டியும் உள்ள வீடு அந்த வாசலில்தான் நிற்கும். கார் வந்ததும் அதன் ஒவ்வொரு அலகும் மேல்படி விலையில் போகும். விற்கிறவர்கள் காகிதத்தில் போட்டுக் காட்டுவது கீழ்ப்படி விலை. பற்றரி 20 என்றாலும், சார்ஜில் வீணாகும் வெப்பத்தையும் சேர்த்து மீற்றர் 22, 23 காட்டும். நேரத்துக்கேற்ற கட்டணத்துக்கு மாறியவர்களுக்கு இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மலிவு. கூரையில் சோலார் உள்ளவர்கள் இந்தப் பந்தியைப் படித்துச் சிரித்துவிட்டுப் போகலாம்.

வெப்பம் பற்றி என் தொழிலை முன்வைத்துக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லிதியம் அயன் கலத்தில் பென்சிற்கரி (கிராஃபைட்) மின்வாயின் மேல் ஒரு மெல்லிய படை உருவாகும். அது தடிக்கத் தடிக்க லிதியத்தை விழுங்கும். விழுங்கியது திரும்பி வராது. சூடு கூடினால் அந்தத் தாக்கம் வேகமாகும். கலம் நிரம்பிய நிலையில் சூட்டில் நின்றால் இன்னும் மோசம். பழைய 24 கிலோவாற் மணி லீஃபில் பற்றரியைக் குளிராக்கும் ஏற்பாடு கிடையாது. அதன் திரையில் பன்னிரண்டு கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்ததை கொழும்பில் லீஃப் வைத்திருந்தவர்கள் வயிறெரிந்து பார்த்தார்கள். சக்குராவில் ஏ.சி.யின் குளிர்திரவமே பற்றரிக்குள்ளும் ஓடுகிறது. இந்தச் சின்னக் காருக்கு இதைச் செய்ததுதான் நான் வாங்கிய முக்கிய காரணம். அதற்காக நண்பகல் வெயிலில் நூறு வீதம் நிரப்பி நிறுத்தி வைக்காதீர்கள். நான் டைமரை அதிகாலையில் முடிகிற மாதிரி வைக்கிறேன். நிரம்பிய கையோடு ஓட்டம் தொடங்கிவிடும்.

உள்ளே எல்லாம் ஜப்பானிய மொழி. ஏறி இருந்து பொத்தானை அழுத்தியதும் ஒரு பெண் குரல் மிக மரியாதையாக ஈ.டி.சி. காட் போடவில்லை என்று முறையிடும். அது ஜப்பானின் அதிவேகப் பாதைக் கட்டண அட்டை. தினமும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். வரைபடத்தில் ஜப்பான் மட்டும். வானொலி அவர்களுடைய அலைவரிசையில், அதாவது 76 இல் தொடங்கி 95 மெகாஹேர்ட்ஸ் அளவில் முடிகிறது. சூரியனும் சக்தியும் நூறுக்கு மேலே இருப்பதால் பிடிக்காது. நம் அலைவரிசையை அதற்குள் கொண்டுவர பாண்ட் எக்ஸ்பாண்டர் என்று ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள். நான் அதற்கும் போகவில்லை. ஜி என்ற ரகத்தில் வரும் 9 அங்குலத் திரையில் ஃபோனை இணைத்தால் வரைபடமும் பாட்டும் ஃபோனில் இருந்தே வந்துவிடும். அதோடு அந்தப் பிரச்சினை முடிந்தது.

பின் சீற்றில் இரண்டு பேர்தான், சட்டப்படியும் இருக்கைப்படியும். அம்மாவுக்கு முழங்கால் நோ. சீற் உயரமாக இருப்பதால் குனியாமல் ஏறிவிடுகிறார். மடக்கிய சக்கர நாற்காலியை வைக்க டிக்கி காணாது, பின் சீற்றை மடிக்க வேண்டும். மரைன் டிரைவ் பக்கம் இருப்பவர்கள் சார்ஜ் வாயின் மூடியைத் துடைத்து வையுங்கள். உப்புக்காற்று இரும்பைத் தின்கிற ஊர் இது. பெரிய பற்றரி நிரம்பியிருந்தாலும் முன்பக்கத்துச் சின்ன 12 வோல்ற் பற்றரி செத்தால் வண்டி எழும்பாது என்பதையும் மனதில் வையுங்கள். விடுமுறையில் நீண்ட நாள் ஊருக்குப் போகிறவர்களுக்கு இது முக்கியம். வருடாந்த லைசன்ஸுக்குப் புகைப் பரிசோதனை இல்லை என்பது ஒரு சின்னச் சந்தோசம்.

வாங்கப் போகும்போது கடைசியாக டிக்கியைத் திறந்து ஜப்பானில் இருந்து வந்த சார்ஜ் கேபிள் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் இருப்பதில்லை. "அது வேற எடுக்கலாம்" என்பார்கள். எடுக்கிற விலையைக் கேட்டு, அதைக் காரின் விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள்.